பிணைச்சலில் இரண்டு பொட்டு

மே மழை தொடங்கிய நாள் முதல் டெனிஷா வீட்டு வாசல் இரும்புக் கேற் நிலத்தை உரசிக்கொண்டுதான் திறந்தது. கொழும்புக் கொட்டாஞ்சேனையில் அந்த ஒடுங்கிய ஒழுங்கை முழுவதும் கேட்கிற சத்தம். திறக்கிறவர் கேற்றின் நடுக் குறுக்குக் குழாய்க்குக் கீழே முழங்காலைக் கொடுத்து, ஒரு எம்பு எம்பித் தூக்கித் தள்ள வேண்டும். அப்பா றேமண்ட் அப்படித்தான் திறப்பார். அம்மா மாக்ரெட்டும் அப்படித்தான். டெனிஷா உதைப்பாள். கேற் செய்து சோறு தின்கிற குடும்பத்தின் கேற் இந்த இலட்சணத்தில் கிடக்கிறதே என்று எதிர்வீட்டு நதீஷா ஒருநாள் வாயைத் திறந்தாள். "ஊருக்குச் செஞ்சு முடிஞ்சாத்தானே அக்கா எங்கட வீட்டுக்கு முறை வரும்" என்று டெனிஷா சொன்ன சூட்டுக்கு, நதீஷா அதன்பிறகு கேற்றைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவள் கொடுத்த உதை கேற்றுக்கானதல்ல. அது அவள் புருஷன் ஸ்ரான்லிக்குப் போய்ச் சேர வேண்டியது. ஸ்ரான்லி வீட்டில் இல்லை. முகத்துவாரத்தில் தன் அக்கா ஷெரோமி வீட்டில் போய் இருந்துகொண்டான். மறுநாள் அவன் வெள்ளவத்தைப் பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஒரு மனிதனின் கால் முறிந்ததற்கு யார் பொறுப்பு என்று அங்கே கேட்பார்கள். ஸ்ரான்லிதான் என்று ஊரறியச் சொன்னவள் டெனிஷா. சொன்னதில் அவளுக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்பதைத் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதிலேயே அன்றைய பூசை முழுவதும் போய்விட்டது.

றேமண்டுக்குக் கிராண்ட்பாஸில் ஒரு வெல்டிங் பட்டறை. துறைமுகத்தில் கப்பல் தகடு ஒட்டிய கை அவருடையது. ஓய்வு பெற்று வந்து, கேற்றும் கிரிலும் செய்யத் தொடங்கினார். கேற்றைத் தூணில் மாட்டி முடித்ததும், அது திரும்புகிற கீலான பிணைச்சலின் தலையில் இரண்டு பொட்டு வெல்டிங் வைப்பார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு, நெல்மணி அளவில், இரண்டும் இடப்பக்கம் சரிந்திருக்கும். யாரும் கேற்றைப் பிணைச்சலிலிருந்து கிளப்பிப் பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோகாமலிருக்க அந்தப் பக்கத்துக் கேற்காரர் எல்லோரும் செய்கிற வேலைதான் இது. மற்றவர்கள் ஒரு பொட்டோடு விடுவார்கள். "ஒண்டு கேற்றுக்கு, ஒண்டு கள்ளனுக்கு" என்று றேமண்ட் இரண்டாவதையும் வைத்துவிட்டுத்தான் முகமூடியைக் கழற்றுவார்.

ஊருக்கெல்லாம் பொட்டு வைத்தவர் தன் வீட்டுக் கேற்றுக்கு வைக்கவில்லை. தன் வீடுதானே, பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தார். பெற்றோலுக்கும் காஸுக்கும் சனம் வரிசையில் நின்ற அந்த வருஷம், வீட்டார் எல்லோரும் பூசைக்குப் போயிருந்த ஒரு காலையில், பட்டப்பகலில் கேற்றைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கேற்கார றேமண்ட் வீட்டுக் கேற் களவு போய்விட்டதாம் என்று ஒழுங்கையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புதுக் கேற் வரும்வரை வாசலில் ஒரு கட்டில் விரிப்புத் தொங்கியது. றேமண்ட் அத்தனை நாளும் பின்பக்கத்தால்தான் பட்டறைக்குப் போய் வந்தார். மனிதருக்கு உள்ளே எங்கேயோ ஒரு அடி விழுந்துவிட்டது. அதன்பிறகு பொட்டு வைக்காத பிணைச்சலைக் கண்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

டெனிஷாவுக்கு அந்தப் பொட்டைக் கண்டாலே எரிச்சல். மருதானையில் படவரைவு படித்து, அலுமினிய ஜன்னல் செய்கிற கொம்பனி ஒன்றில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு ஸ்ரான்லியோடு அப்பாவின் பட்டறைக்கே வந்து சேர்ந்தவள். கொழும்பு நிலம் ஒரு இடத்தில் நில்லாது. மழைக்கு ஊறும், வெயிலுக்கு இறுகும், லொறி ஒன்று இடித்துப் போனால் தூண் ஒரு விரல் சரியும். தூண் சரிந்தால் கேற்றின் மூக்கு, அதன் திறக்கிற பக்கத்து மூலை, நிலத்தில் இடிக்கும். பிறகு கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பொட்டை வெட்டி, கேற்றை நிமிர்த்தி, திரும்ப ஒட்டிவிட்டு வர வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் இதே கூத்து. "நாங்க செஞ்ச வேலைய நாங்களே போய் வெட்டிக்கொண்டு திரியிறம் டாடி, வெக்கமா இல்லையா" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் பட்டறைத் தரையில் சோக்கட்டியால் படம் கீறத் தொடங்கினாள்.

அவள் கீறியது மேல் பிணைச்சலுக்கு. தூணுக்கும் கேற்றுக்கும் நடுவில் ஒரு மரையாணிப் போல்ட். அதில் உள்ள நட்டை அரைச் சுற்று இறுக்கினால் கேற்றின் மேல் மூலை தூண் பக்கம் இழுபட்டு, மூக்கு நிலத்தை விட்டு எழும்பும். கிரைண்டரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம், வீட்டுக்காரரே ஸ்பனரால் செய்துகொள்ளலாம். முதலில் செய்ததில் ஒழுங்கைப் பிள்ளைகள் கேற்றில் தொங்கி ஆட, நட்டு தானாகவே தளர்ந்தது. அடுத்ததை வெள்ளவத்தைக் கடற்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்று தீர்த்தது. அதற்குப் பிறகுதான் சரியானது வாய்த்தது. கெட்டிப் போல்ட், உள்ளே நிறைய கிறீஸ், வெளியே ஒரு இரும்பு மூடி. கேற் பூட்டியிருக்கும்போது அந்த மூடியைக் கழற்ற முடியாது, கேற் திறந்திருந்தால்தான் அதன் ஆணி தெரியும். கள்ளனைத் தடுக்கவும் அதிலேயே வழி செய்துவிட்டாள். அந்த மூடிக்காக அவள் சாப்பாட்டு மேசையில் றஸ்க் பெட்டி அட்டையை வெட்டி வெட்டி வீட்டையே குப்பையாக்கினாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் றேமண்ட். அந்த வாயிலிருந்து அது பெரிய சொல்.

"ஒண்டு மட்டும் டாடி. வெல்டிங் இதுக்குக் கிட்டவும் வரக்கூடாது. இது கெட்டிப் போல்ட். சூடு பட்டா உள்ளுக்குள்ள வெடிச்சுப் போகும், வெளிய தெரியாது."

"ஓம் மகள்."

"பொட்டு வேணாம்."

"ஓம் எண்டு சொன்னன்தானே."

நவம்பரில் தங்கள் வீட்டுக் கேற்றிலும், அதைத் தொடர்ந்து கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல இடங்களிலும் அந்தப் பிணைச்சலை மாட்டினார்கள். மாட்டுகிற வேலையை ஸ்ரான்லி பார்த்தான். டிசம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னால் எல்லா வீட்டிலும் வழமைபோலக் கேற்றுக்குப் பெயின்ட் அடித்தார்கள். மழை வருமட்டும் யாருக்கும் நட்டைத் தொடுகிற தேவை வரவில்லை.

மழை வந்தது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் இருக்கும் தொடர்மாடியின் கேற் தரையில் இடித்தது. அங்கே வாசல் காவலுக்கு இருந்த ராசலிங்கம் ஹற்றன் பக்கத்து மனிதர், அறுபதைத் தாண்டியவர். அவர் டெனிஷாவுக்குப் போன் எடுத்தார். அவள் அப்போது பட்டறையில் இரண்டு பேரோடு கத்திக்கொண்டிருந்தாள்.

"மூடியைக் கழட்டி நட்டை அரைச் சுத்து இறுக்குங்க. அவ்வளவுதான்."

"திரும்ப மாட்டேங்குதுங்கம்மா. அது வந்து, பெரியவரு அன்னைக்கி..."

"பெரியவரை விடுங்க. இத செஞ்சது நான். கடல் காத்துக்குக் கொஞ்சம் இறுகியிருக்கும். ஸ்பனர்ல ஒரு பைப்பைச் செருகிப் போட்டுத் திருப்புங்க."

அவர் பைப்பைச் செருகித் திருப்பினார். போல்ட் இரண்டாக உடைந்தது. கேற் கீழ்ப் பிணைச்சலிலிருந்து கழன்று அவர் காலில் விழுந்தது.

டெனிஷாவும் றேமண்டும் ஸ்ரான்லியும் போய்ச் சேர்ந்தபோது ராசலிங்கத்தைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கேற் மழையில் கிடந்தது. தொடர்மாடிச் சங்கத்தின் தலைவர் மஜீட் குடையோடு நின்றார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருப்பவர், நிதானமான மனிதர்.

"தங்கச்சி, நான் யாரையும் குத்தம் செல்ல வரல்ல. ஆனா செக்குரிட்டி கொம்பனிக்காரன் பொலிசுக்குச் செல்லிட்டான். யாரு பாத்த வேலைன்டு கேப்பாங்க. நீங்கதான் செல்லணும்."

டெனிஷா உடைந்த போல்ட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. அது முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் இருந்தது தூரத்திலேயே தெரிந்தது. இவ்வளவு லேசாக உடைகிறதென்றால் அது போலிச் சரக்கு, கள்ளப் போல்ட்தான் என்று அவள் அந்த இடத்திலேயே தீர்த்துவிட்டாள். முன்பொரு முறை ஸ்ரான்லி பல்கனிக் கிரிலுக்கு மலிவான மெல்லிய பைப் வாங்கிப் பிடிபட்டவன். அவளுக்கு அது போதும்.

"எங்க வாங்கினீங்க இந்தப் போல்ட்ட?"

"நீ சொன்ன கடையில."

"பொய். பஞ்சிகாவத்தைப் பழைய இரும்புக் கடைல குப்பையில கிடந்ததைப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறீங்க. கிரில்ல செஞ்ச வேலைய இதிலயும் செஞ்சிருக்கிறீங்க." பிறகு மஜீடின் பக்கம் திரும்பினாள். "பிணைச்சல்ல பிழை இல்ல. எங்கட வீட்டு ஆள்தான் பிழை விட்டது. பேர் ஸ்ரான்லி. எழுதிக்கொள்ளுங்க."

மேல்மாடிகளில் எல்லாம் தலைகள் தெரிந்தன. ஸ்ரான்லி உடைந்த போல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மாமனாரைப் பார்த்தான். றேமண்ட் ஒழுங்கையின் முடிவில் தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரான்லி போல்ட்டை மஜீடிடம் கொடுத்துவிட்டு, காலி வீதிக்கு நடந்து பஸ் ஏறினான். வீட்டுக்கு வரவில்லை. போல்ட்டைப் பொலிசார் எடுத்துக்கொண்டு போனார்கள்.

இது நடந்து இரண்டு கிழமை, பதினாலு நாள் ஆகிவிட்டது. இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

அன்று பூசையால் வரும் வழியில் மாக்ரெட் நண்டு வாங்கிக்கொண்டு வந்தாள். நண்டுப் பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு கேற்றை முழங்காலால் தூக்கப்போய், குழாய் வழுக்கி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. இரத்தத்தைக் கண்டதும் டெனிஷாவுக்கு எங்கிருந்தோ ஒரு வீம்பு வந்தது.

"இண்டைக்கு இத முடிச்சிட்டுத்தான் சாப்பாடு" என்று ஸ்பனரை எடுத்துக்கொண்டு போனாள். தான் கண்டுபிடித்த பிணைச்சலைத் தன் வீட்டில் அவள் இதுவரை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. சொன்னால் வெட்கக்கேடு.

மூடியின் ஆணிக்கு மேல் நத்தார்ப் பெயின்ட் பச்சையாகப் படிந்திருந்தது. சுரண்டிக் கழற்றினாள். பெயின்ட் உள்ளேயும் இறங்கி, நட்டும் பச்சை. ஸ்பனரைப் போட்டுத் திருப்பினாள். அசையவில்லை. பைப் ஒன்று எடுப்போம் என்று திரும்பியவள் நின்றுவிட்டாள். ராசலிங்கத்துக்குத் தான் சொன்ன அதே சொல். அவள் குசினிக்குப் போய் மீன் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு வந்து, நட்டின் மேலிருந்த பெயின்ட்டை மெதுவாக வழித்தாள்.

பச்சைக்குக் கீழே இரண்டு பொட்டு. பக்கத்தில் பக்கத்தில், நெல்மணி அளவில், இரண்டும் இடப்பக்கம் சரிந்து.

அவள் அந்த இடத்திலேயே குந்தி இருந்தாள். வெயில் முதுகில் சுட்டது. உள்ளே மாக்ரெட் நண்டுக்குத் தேங்காய்ப்பால் விட்ட வாசம் வந்தது. றேமண்ட் வானொலியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வரவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மேசையில் எல்லாம் வைத்தாயிற்று. சோறு, நண்டுக்கறி, முருங்கையிலைச் சுண்டல், அப்பளம். றேமண்ட் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். டெனிஷா கத்தியைக் கழுவாமல் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் பச்சைப் பெயின்ட் சுருளாக ஒட்டியிருந்தது.

"எத்தனை கேற்றில டாடி?"

றேமண்ட் கத்தியைப் பார்த்தார். என்ன கேட்கிறாய் என்று கேட்கவில்லை.

"சாப்பிட்டுட்டுக் கதைப்பம்."

"எத்தனை கேற்றில?"

"எல்லாத்திலயும்தான்" என்றார். "ஸ்ரான்லி மாட்டிட்டு வந்த பிறகு, பின்னேரத்தில போய் வைப்பன். சனங்களும் சந்தோசப்பட்டவை, கள்ளன் தூக்க மாட்டான் எண்டு."

"நான் உங்களுக்கு என்ன சொன்னனான்?"

"நீ சொன்னது விளங்கினது மகள். கை கேக்கேல்ல."

"கை கேக்கேல்ல. சரி. வாய்க்கு என்ன நடந்தது? ஸ்ரான்லிய நான் அத்தனை சனத்துக்கு முன்னால ஏசேக்க, நீங்க எனக்குப் பக்கத்தில நிண்டனீங்க."

"நிண்டனான்."

"கடலைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்க."

றேமண்ட் சோற்றைப் பிசையத் தொடங்கினார். கறி இன்னும் விடவில்லை, வெறும் சோறு. "துறைமுகத்தில தொடங்கி இண்டைக்கு மட்டும், உன்ர வெல்டிங் உடைஞ்சு போச்சு எண்டு ஒருத்தன் வந்து சொன்னதில்ல. அங்க போய் நான் எப்படி..."

"இப்பவும் உங்கட வெல்டிங் உடையேல்ல டாடி. சந்தோசமா இருங்க. என்ர போல்ட்தான் உடைஞ்சது. ஒரு மனுசன்ர கால் உடைஞ்சது. என்ர புருசன் நாளைக்குப் பொலிசில போய் நிக்கப் போறார். உங்கட வெல்டிங் மட்டும் நல்லா இருக்கு."

"குரலைக் குறை" என்றார்.

"குறைக்க ஏலாது."

மாக்ரெட் கரண்டியை நண்டுச் சட்டிக்குள் போட்டாள். "உங்களுக்குத் தெரியுமா மம்மி?" என்று டெனிஷா அவள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு வெல்டிங் தெரியாது. இந்த மனுசன் ரெண்டு கிழமையா சோத்தைப் பிசைஞ்சு வச்சிட்டு எழும்பிப் போறது தெரியும். ராவில என்ன எண்டு கேட்டா வயிறு எண்டுறார்." மாக்ரெட் புருஷனைப் பார்த்தாள். "வயிறுதானா?"

றேமண்ட் எழுந்தார். கையைக் கழுவினார். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போறன் என்று சுவருக்குச் சொல்லிவிட்டுப் பின்பக்கத்தால் வெளியேறினார். களவு போன நாட்களில் போன அதே பின்பக்கம். மனம் கெட்டால் அவருக்கு அந்தோனியாரிடம் போய் உட்கார்ந்துகொள்ளத்தான் தெரியும். அந்தோனியாருக்குச் சொல்ல முடிந்ததை மருமகனுக்குச் சொல்ல முடியவில்லையே என்று டெனிஷாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனாள். ஷெரோமி வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். டெனிஷாவைக் கண்டதும் எழும்பவில்லை.

"வாங்கோ. இன்னும் யாரும் மிச்சம் இருக்கினமா, பொலிசுக்கு எழுதிக் குடுக்க?"

"ஸ்ரான்லியோட கதைக்க வேணும் அக்கா."

"கதைக்கிறதில நீங்க கெட்டிதான். உள்ள இருக்கிறான்."

ஸ்ரான்லி பின்விறாந்தையில் அக்காவின் தையல் மெசினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தான். பக்கத்தில் பிளேன்டீ ஆறிக் கிடந்தது. தாடி வளர்ந்திருந்தது. அவள் வந்ததைப் பார்த்தும் எண்ணெய்த் துணியைக் கீழே வைக்கவில்லை.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"போல்ட்டில இருந்த பொட்டு. நீங்க கையில எடுத்துப் பாத்தனீங்க."

"ஓம். பொட்டுக்குப் பக்கத்தாலதான் உடைஞ்சிருந்தது. மாமாட கை எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லேல்ல?"

அவன் துணியைக் கீழே வைத்தான். அவனுக்கும் கோபம் வரும் என்பதை டெனிஷா அதுவரை யோசித்துப் பார்த்ததே இல்லை.

"நீ கேட்டியா? எங்க வாங்கினீங்க எண்டுதான் கேட்டாய். நான் பதில் சொன்னன், நீ பொய் எண்டாய். அதுக்குப் பிறகு நான் சொன்னா, ஸ்ரான்லி தப்புறதுக்கு வயசுபோன மனுசன்ர தலையில போடுறான் எண்டிருப்பாய். அவர் பக்கத்தில நிக்கிறார். அவர் சொல்லுவார் எண்டு பாத்தன். இவ்வளவு நாளும் போன் வருமா எண்டு பாத்தன்."

டெனிஷா கழற்றிக் கிடந்த மெசின் துண்டுகளைத் தாண்டி வந்து அவனுக்கு முன்னால் குந்தினாள்.

"நீ சொன்ன கடையில, நீ சொன்ன அளவில, நீ சொன்ன கெட்டிப் போல்ட் டெனி. நான் களவு செஞ்சு மலிவான மெது இரும்புப் போல்ட் போட்டிருந்தா அது வளைஞ்சு நிண்டிருக்கும். அந்த மனுசன்ர கால் தப்பியிருக்கும். நான் நேர்மையா வேலை செஞ்சதாலதான் அவருக்குக் கால் முறிஞ்சது. இத நான் யாருக்குப் போய்ச் சொல்ல?"

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தனான்."

"சரி. கேட்டாய்."

"வீட்டுக்கு வாங்க."

"இல்ல. எனக்கு இன்னும் கோபம் போகேல்ல. இருக்குற கோபத்த வச்சுக்கொண்டு அந்த வீட்டுக்குள்ள வந்தா நான் மாமாவ ஏதாவது சொல்லிப்போடுவன்." அவன் தையல் மெசினுக்குத் திரும்பினான். "நாளைக்குக் காலமை பொலிசடியில நிப்பன். மாமா வந்தாலும் நிப்பன், வராட்டியும் நிப்பன். என்ன சொல்லுறது எண்டு இன்னும் யோசிக்கேல்ல."

ஷெரோமி அவளுக்கு ஒரு வாய்த் தண்ணீரும் தரவில்லை. தராததுதான் சரி என்று டெனிஷாவுக்கும் பட்டது.

திரும்பும் வழியில் பட்டறையைத் திறந்து கிரைண்டரையும் புதுப் போல்ட் ஒன்றையும் எடுத்தாள். வீட்டுக் கேற்றுக்கு அடியில் செங்கல் அடுக்கி, மாக்ரெட்டைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பொட்டையும் வெட்டி எறிந்தாள். நெருப்புப் பொறி முகத்துக்குக் கிட்ட வந்ததையும் அவள் பொருட்படுத்தவில்லை. பழைய போல்ட்டைக் கழற்றிப் புதியதைப் போட்டு, நட்டை அரைச் சுற்று இறுக்கினாள். கேற்றின் மூக்கு நிலத்தை விட்டு எழும்பியது. செங்கலை எடுத்துவிட்டு ஒரு விரலால் தள்ளினாள். சத்தமே இல்லாமல் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"இது முதலே இப்படித் திறந்திருக்கலாம்தானே" என்றாள் மாக்ரெட், காலில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைத் தடவிக்கொண்டு.

கொச்சிக்கடைக் கோயிலில் றேமண்ட் கடைசி வாங்குப் பலகையில் இருந்தார். டெனிஷா உள்ளே போகாமல் படியில் நின்று கூப்பிட்டாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. ஸ்கூட்டியில் பின்னால் ஏறி, விழாமலிருக்க அவள் தோளைப் பிடிக்காமல் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் அது பின்னேர நோயாளர் பார்வை நேரம். கோயில் வாசலில் வாங்கிய தோடம்பழப் பை அவர் மடியில் இருந்தது.

ராசலிங்கத்தின் கால் மாவுக்கட்டோடு தலையணை மேல் இருந்தது. அவர்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"படுங்க, படுங்க" என்றார் றேமண்ட். பழத்தை மேசையில் வைத்தார். கட்டிலின் இரும்பைப் பிடித்தார். அதன் வெல்டிங்கைப் பார்த்தார். வார்ட்டில் யாரோ ஒரு குழந்தை அழுதது.

"சொல்லுங்க டாடி" என்றாள் டெனிஷா.

"அந்தப் போல்ட்டில," என்று தொடங்கினார். கட்டில் இரும்பிலிருந்து கையை எடுத்தார். "அந்தப் போல்ட்டில வெல்டிங் வச்சது நான். வைக்க வேணாம் எண்டு மகள் சொன்னவ. நான் வச்சிட்டன். அதாலதான் உடைஞ்சது. அவன் ஸ்ரான்லியில பிழை இல்ல."

ராசலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தெரியுமுங்களே. அன்னைக்கி நான்தானே உங்களுக்கு வயரு புடிச்சேன். கள்ளனுக்கு ஒன்னுன்னு சொல்லிச் சிரிச்சீங்களே."

"பொலிசுக்குச் சொன்னனீங்களா?" என்று டெனிஷா கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"எங்கிட்ட யாரும் கேக்கலீங்கம்மா. கேற்று எப்புடி விழுந்துச்சுன்னு கேட்டாங்க. கொம்பனி எது, போட்டது யாருன்னு அவங்களே பேசிக்கிட்டாங்க." அவர் குரலில் கோபம் எழவில்லை, அதுதான் அவளை அறைந்தது. "உங்ககிட்ட போன்லயே சொல்ல வந்தேங்க. பெரியவரு அன்னைக்கி வந்து பத்த வச்சிட்டுப் போனாரு, அதான் திரும்பலன்னு. நீங்க பெரியவர விடுங்கன்னீங்க. சரி, படிச்ச புள்ள சொல்லுது, பைப்பப் போடுவோம்னு போட்டேன்."

டெனிஷா மாவுக்கட்டைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் இரண்டு பேர் மேல் மாறி மாறி எறிந்த கோபம், இனி எறிய ஆளில்லாமல் அவள் கையிலேயே நின்றது. அவள் அந்தப் போனை மறக்கவில்லை. அதற்குள் இப்படி ஒரு வசனம் இருந்ததைத்தான் தூக்கி எறிந்துவிட்டிருந்தாள்.

"பைப்பைச் செருகச் சொன்னது நான்தான்" என்றாள். "நாளைக்குப் பொலிசில அதையும் சொல்லுவன்."

"சொல்லுங்கம்மா. ஆனா அந்தக் கேற்ற அப்புடியே போட்டு வச்சிருக்காங்களாம், மஜீட் ஐயா சொன்னாரு. வேற யாரு காலுலயும் விழுறதுக்கு முன்னாடி மத்த கேற்று எல்லாத்தையும் பாருங்க."

வெளியே வந்ததும் றேமண்ட் படியில் நின்றார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. "நாளைக்கு நான் போறன். நீ வர வேணாம்."

"வருவன். நீங்க சொல்லுறத நான் கேக்க வேணும். ஸ்ரான்லியும் பக்கத்தில நிண்டு கேக்க வேணும். பிறகு கிரைண்டரோட ஒவ்வொரு கேற்றாப் போறம். கதவைத் தட்டுறது நீங்க. ஏன் வந்தனீங்க எண்டு சொல்லுறதும் நீங்க."

"ஒவ்வொரு வீட்டிலயுமா?"

"ஒவ்வொரு வீட்டிலயும்."

வீடு வந்து சேரும்போது தூறல் தொடங்கிவிட்டது. மாக்ரெட் கேற்றைச் சாத்தி வைத்திருந்தாள். டெனிஷா ஸ்கூட்டியை நிறுத்தி, இறங்காமல் இருந்தாள். றேமண்ட் இறங்கி முன்னால் போனார். மே மாதம் முழுவதும் செய்ததைப் போலவே முழங்காலை நடுக் குறுக்குக் குழாய்க்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு முழுவதையும் போட்டு ஒரு எம்பு எம்பித் தள்ளினார்.

கேற்றில் பாரமே இல்லை. அது ஒரு நொடியில் உள்ளே பறந்து சுவரில் மோதியது. அதைப் பிடித்திருந்த றேமண்டும் கூடவே போய், இரண்டு கையையும் ஊன்றி முற்றத்துச் சேற்றில் விழுந்தார். எதிர்வீட்டு ஜன்னலில் நதீஷாவின் தலை தெரிந்தது. மாக்ரெட் வாசலுக்கு ஓடி வந்தாள்.

அவர் மெல்ல எழுந்து இருந்தார். உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. கேற்றைப் பார்த்தார், மேல் பிணைச்சலைப் பார்த்தார், பிறகு தெருவில் ஸ்கூட்டியில் அசையாமல் இருந்த மகளைப் பார்த்தார்.

"நீ சரி பண்ணிட்டாய் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மகள்."

"ஓம் டாடி" என்றாள் டெனிஷா. "சொல்லியிருக்கலாம்."